அண்ணன் பார்த்துவைத்த வேலை

அண்ணன் பேசி முடிக்கட்டும், அதுவரை இந்த மிக்ஸியைக் கழற்றுவோம் என்று நினைத்துக்கொண்டாள். பழுதுபார்க்கும் கடையை அவள் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"கம்பெனி வேலைம்மா. ஏசி ரூம், மாசம் பொறந்தா சம்பளம். மேனேஜர்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா?"

அவளைக் கல்லூரியில் சேர்க்க அப்பா கெஞ்சினார். முதல் வேலைக்கு மாமா கெஞ்சினார். கெஞ்சி வாங்கிய இடங்களில் எல்லாம் அவள் நன்றியோடு குனிந்தே இருந்தாள். இந்தக் கடைக்காக மட்டும் யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை.

"இங்க ஈ ஓட்டிட்டு உட்காரப் போறியா?"

"ஓட்டினாலும் என் கடை ஈண்ணே."

அண்ணன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை என் தங்கச்சி வருவாள்னு வாக்கு குடுத்துட்டேன். மானத்த வாங்காத."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"வாக்கு நீ குடுத்ததுண்ணே. நான் வரல."