வேண்டாம் என்று சொன்ன வேட்பாளர்

பி பிளாக்கின் குடியிருப்போர் பிரதிநிதிக்குச் சம்பளம் கிடையாது. கார் நிறுத்தத் தனி இடமும் கிடையாது. ஏசியில் தண்ணீர் சொட்டினால் அவருக்குப் போன் வரும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் போன் வரும். ஏதோ ஒரு பிள்ளை லிஃப்டின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிவிட்டு ஓடினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்த கோட்டயத்து வர்கீஸ் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தம் கிராஜுவிட்டி பணத்தால் மட்டும் வந்ததில்லை என்பது கம்பவுண்டுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட பதவிக்குக் கத்தாரின் அல்கோர் கம்பவுண்டில் ஆசைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் கல்யாணசுந்தரம்.

திருச்சிக்காரர். ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் சீனியர் இன்ஜினியர். மகன் வருணின் காலேஜ் படிப்புக்காக மனைவி ஜலஜா சென்னையில் வீடு எடுத்துப் போன பிறகு, அவர் வீட்டில் வாய் திறக்கிற ஜீவன் என்று மிஞ்சியது மைக்ரோவேவ் மட்டும்தான். அது வேலையை முடித்துவிட்டு மணி அடித்தால், "இதோ வரேன்" என்று இவர் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒருநாள் பதில் சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து, கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றார்.

வர்கீஸின் போன் ஓயாமல் அடித்ததை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு வேண்டியதும் அதுதான். அடிக்கிற ஒரு போன், யாராவது வந்து அழுத்துகிற ஒரு காலிங் பெல்.

பி பிளாக்கில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவின் ஜாவாக்காரர்கள். அவர்கள் நாட்டு எரிவாயு ஆலைகளில் தொழில் கற்று இங்கே வந்தவர்கள். சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். லிஃப்டில் பார்த்தால் லேசாகக் குனிந்து சிரிப்பார்கள். பெயருக்கு முன்னால் 'பாக்' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். நம் ஊரில் 'ஐயா' என்பது மாதிரி. கல்யாணசுந்தரம் அவர்கள் வாயில் பாக் கல்யாண் ஆனார்.

அவர்களில் மூத்தவர் எதிர்வீட்டு பாக் சுத்ரிஸ்னோ. ஹஜ் முடித்தவர், ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் புது கார் எடுப்பதென்றால் ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் நல்ல நாள் பார்த்துத்தான் எடுப்பார். கூடத்தில் தோல் பொம்மையாக அர்ஜுனன் தொங்கிக்கொண்டிருப்பான். கீழ்த்தள வீட்டு இளைஞன் பெயர் விஸ்னு. அவனும் தொழுகை தவறாதவன். இதையெல்லாம் பார்த்த கல்யாணசுந்தரம், இவர்கள் நம்மவர்களேதான் என்று ஒரு முடிவுக்கு வந்து, உரிமையோடு பாரதம் பேசப் போனார். பாஞ்சாலிக்கு ஐந்து கணவர்கள் என்று இவர் சொல்ல, ஜாவாவில் ஒருவர்தான், தர்மர் மட்டும்தான் என்று சுத்ரிஸ்னோ மெல்லச் சொன்னார்.

"இல்லை பாக், ஐந்து. எங்கள் ஊர்க் கதை அது."

"அப்படியும் இருக்கலாம்" என்றார் சுத்ரிஸ்னோ, புன்னகையோடு.

இவர் ஜெயித்துவிட்டதாக நினைத்து வீடு திரும்பினார். அதற்குப் பிறகு சுத்ரிஸ்னோ அவரிடம் பாரதம் பேசவே இல்லை.

பிரதிநிதி பதவி காலியானதும் கல்யாணசுந்தரம் தமக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினார். தம் படம் போட்டு, 'உங்கள் வீட்டுப் பிரச்சினை என் வீட்டுப் பிரச்சினை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து லிஃப்டில் ஒட்டினார். படத்தில் கைகூப்பியிருந்தார். பிளாக்கின் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூவும் அனுப்பினார். ஜாவாக்காரர்கள் லிஃப்டில் ஏறியதும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு தரையைப் பார்த்தார்கள். படத்தின் சொந்தக்காரரே கூட ஏறினால் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

விஷயத்தை விளக்கியவர், பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை கௌஸ் முகைதீன். ஜாவாக்காரர்களுக்குத் தேங்காயும் வெல்லமும் விற்றே அவர்களைப் படித்தவர்.

"என்ன சார் காரியம் பண்ணி வச்சிருக்கீக! லிஃப்டுல மூஞ்சிய ஒட்டுனீகளாமே?"

"ஏன் பாய்? போட்டோ நல்லா இல்லையா?"

"போட்டோவுக்கு என்ன கொற. மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கீக. அவுக ஊருல எனக்கு வேணும்னு கேட்டவனுக்குப் பதவி குடுக்க மாட்டாக சார். ஆசப்படுறவன் கையில குடுத்தா வெளங்காதும்பாக. 'நமக்கு எதுக்குங்க'னு ஒதுங்கி நிக்கிறவனத்தான் இழுத்து உக்கார வைப்பாக."

"அப்ப ஓட்டு?"

"ஓட்டுமில்ல கீட்டுமில்ல. கூடி உக்காருவாக, பேசுவாக, எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பாக. உங்க பேரு வந்தா வேணாம்னு சொல்லணும். மறுபடி கேப்பாக. மறுபடி வேணாம். மூணாவது தடவ கேக்கும்போது தலையக் குனிஞ்சு, 'எல்லாரும் சொல்றீங்களேன்னு'... புரியுதா?"

"எங்க வீட்ல காபிக்கே ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டுத்தான் பாய் குடிப்போம்."

"அது போதும் சார். அதே காபிதான்."

கௌஸ் முகைதீனுக்கு ஜாவாக்காரர்கள்மேல் தனிப் பாசம். ஊரில் இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுகிறார், அது மார்க்கத்துக்கு விரோதம் என்று அவருடைய மருமகன் பேச்சை நிறுத்தியிருந்தான். "இவுக ஏழாம் நாளு, நாப்பதாம் நாளு, நூறாம் நாளுன்னு ஓதி சோறு போடுறாக. தப்புன்னு ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டேங்குறான். எனக்குக் கெடச்ச மருமகன்தான் பெரிய ஆலிமு" என்று தேங்காயைத் தட்டிப் பார்த்தபடி சொன்னார்.

கல்யாணசுந்தரம் அன்றே லிஃப்டிலிருந்து தம் முகத்தைக் கிழித்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று வேண்டாம் என்று சொல்லிப் பழகினார். முதலில் கொஞ்சம் கோபமாக வந்தது. பழகப் பழகக் கனிந்தது.

கூட்டம் விஸ்னுவின் வீட்டில் நடந்தது. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். நம் வளைகாப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. அதற்குக் கூடியவர்களை வைத்தே பிரதிநிதி விஷயத்தையும் பேசிவிடலாம் என்று ஏற்பாடு. ஓமானின் சலாலாவிலிருந்து வந்த இளநீர்க் காய்களில் அர்ஜுனனையும் சுபத்திரையையும் மார்க்கர் பேனாவால் வரைந்திருந்தார்கள். பையன் என்றால் அவன்போல் அழகு, பெண் என்றால் இவள்போல் அழகு. அந்தக் காய்களைச் சுற்றி உட்கார்ந்து அரபியில் துஆ ஓதினார்கள். எல்லாரும் ஆமீன் சொன்னபோது கல்யாணசுந்தரமும் கொஞ்சம் பிந்திச் சொன்னார். நடுவில் மஞ்சள் சோறு கோபுரமாக நின்றது. அவருக்கென்று இறைச்சி படாத தனித் தட்டு வந்தது. இத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்தவர், இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு பேச்சு. யாரும் நேராக விஷயத்துக்கு வரவில்லை. வெயில் குறைந்ததைப் பற்றிப் பேசினார்கள். வர்கீஸ் நல்லவர் என்றார்கள். ஓட்டு ஏன் இல்லை என்று கல்யாணசுந்தரம் பக்கத்தில் இருந்த சுத்ரிஸ்னோவிடம் கிசுகிசுத்தார்.

"ஓட்டுப் போட்டால் ஒருவர் தோற்பார், பாக். தோற்றவரும் ஜெயித்தவரும் நாளைக்கு ஒரே லிஃப்டில் போக வேண்டும்."

"உங்கள் நாட்டுத் தேர்தலிலுமா இப்படி?"

"அங்கே ஓட்டு உண்டு. ஆனால் பதவிக்கு வந்தவர் யாரும் ஆசைப்பட்டு வந்ததாகச் சொன்னதே இல்லை" என்றார் சுத்ரிஸ்னோ, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "எல்லாரையும் மக்கள்தான் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள்."

இன்னும் கொஞ்சம் வெயிலையும் வர்கீஸையும் பற்றிப் பேசிய பிறகு, சுத்ரிஸ்னோ கார்ப்பெட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நம்மில் சிலர் பாக் கல்யாணை நினைக்கிறோம்."

கல்யாணசுந்தரம் அவசரப்படவில்லை. பழகியது கைகொடுத்தது. தலையைக் குனிந்தார். கைகளைக் கூப்பினார்.

"இல்லை. எனக்குத் தகுதி இல்லை. வயதும் ஆகிவிட்டது. என்னைவிட நல்லவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்."

குரல் கடைசி வார்த்தையில் லேசாக உடைந்தது. கண்ணாடி முன் அது ஒருநாளும் உடைந்ததில்லை. தாமே எதிர்பாராத அந்தத் திறமையில் மயங்கி, குனிந்த தலை குனிந்தபடியே இரண்டாம் அழைப்புக்குக் காத்திருந்தார்.

யாரோ தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"பாக் கல்யாணின் விருப்பத்தை நாம் மதிக்க வேண்டும்" என்றார் சுத்ரிஸ்னோ. எல்லாரும் மெல்லத் தலையசைத்தார்கள்.

அடுத்தது விஸ்னு. அவன் வேண்டாம் என்றான். திரும்பக் கேட்டார்கள். குழந்தை பிறக்கப்போகிறது, நேரம் இருக்காது என்றான். மூன்றாம் முறை கேட்டார்கள். அவன் பெருமூச்சுவிட்டுக் குனிந்தான். கல்யாணசுந்தரம் குனிந்ததில் பாதிகூட இல்லை அது. அதோடு முடிந்துவிட்டது, விஸ்னுதான் பிரதிநிதி. ஆளுக்கொரு சோற்றுப் பெட்டியைக் கையில் கொடுத்து, காபி ஆறும் முன் எல்லாரையும் அனுப்பிவைத்தார்கள். அதுவும் அவர்கள் வழக்கம்.

போனில் ஜலஜா முழுக்கக் கேட்டாள்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்களா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவகூட நான் கேட்டதில்லையே அந்த வார்த்தைய. அங்க போயா சொல்லணும்?"

"வழக்கம்டி அது."

"ஒழுங்கா சாப்பிடுங்க. வருண் வந்துட்டான், வெக்கிறேன்."

கௌஸ் முகைதீன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "ரெண்டாவது தடவ கேக்கவே இல்லைன்னா, எங்கயோ ஓவரா நடிச்சிட்டீக சார்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சுத்ரிஸ்னோ வீடு திரும்பும்வரை காத்திருந்து, கல்யாணசுந்தரம் எதிர்வீட்டுப் பெல்லை அடித்தார். உட்காரச் சொல்லும் முன்பே கொட்டிவிட்டார்.

"பாக், எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்றுதான் இருந்தேன். நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்."

சுத்ரிஸ்னோவின் முகம் வெளுத்தது. இவ்வளவு வெளிப்படையான வாக்கியத்தை அவர் வீட்டுக் கூடம் அதுவரை கேட்டிருக்காது.

"நாங்களும் அதைப் பற்றிப் பேசினோம் பாக்" என்றார் தயங்கித் தயங்கி. "நீங்கள் வருவதற்கு முன்பே. ஜாவாக்காரரிடம் என்றால் மூன்று முறை கேட்க வேண்டும். ஆனால் இந்தியர்கள் நேராகப் பேசுகிறவர்கள். ஆலையில் இந்தியர் ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். நீங்களும் பாஞ்சாலி விஷயத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள்! எங்கள் வழக்கத்தை உங்கள்மேல் திணித்தால் அவமரியாதை என்று முடிவு செய்தோம். அதிலும் உங்கள் குரல் உடைந்ததைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. உங்களை இவ்வளவு சங்கடப்படுத்தினோமே என்று."

இத்தனை மரியாதை தமக்காக ஏற்கெனவே கூடிப் பேசி முடிவானது என்பதைக் கல்யாணசுந்தரம் விழுங்க முயன்றார்.

"இப்போது மாற்ற முடியாதா?"

"விஸ்னு வருத்தப்படுவான். காட்டிக்கொள்ள மாட்டான். அதுதான் கஷ்டம்." சுத்ரிஸ்னோ கூடத்தில் தொங்கிய தோல் அர்ஜுனனைப் பார்த்தார். "பேசிப் பார்க்கிறேன்."

பேசிப் பார்த்தார்கள். யாருக்கும் மனம் நோகாத ஒரு முடிவுக்கு வந்தார்கள். விஸ்னு பிரதிநிதியாகவே இருப்பான். பாக் கல்யாண் பி பிளாக்கின் மூத்தவர். ஜாவாவில் ஒவ்வோர் ஊருக்கும் அப்படி ஒருவர் உண்டு. பிரதிநிதிக்கும் மேலே. சுத்ரிஸ்னோவே வந்து சொன்னார். கல்யாணசுந்தரம் இந்த முறை முதல் தடவையிலேயே சரி என்றுவிட்டார்.

மரியாதை உடனே தொடங்கியது. பிள்ளைகள் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவரைக் கடந்து போகிறவர்கள் வலது கையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, அவர் நிழலில்கூடப் படாமல் நகர்ந்தார்கள். கூட்டங்களில் மற்றவர்கள் தரையில் உட்கார, அவருக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். சோற்றுத் தட்டு முதலில் அவருக்கு வந்தது. அவர் அறைக்குள் நுழைந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றது. மூத்தவர் முன்னால் சத்தம் போடக் கூடாது. லிஃப்டில் அவர் நின்றிருந்தால், "நீங்கள் போங்கள் பாக்" என்று அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். தண்ணீர் சொட்டுகிறது, கருவாடு நாறுகிறது என்ற அற்பங்களை அவ்வளவு பெரிய மனிதரிடம் கொண்டுபோக யாருக்கும் மனம் வரவில்லை. போன்களெல்லாம் விஸ்னுவுக்குப் போயின.

சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் கல்யாணசுந்தரமும் விஸ்னுவுக்குப் போன் போட்டார்.

"அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது."

அதை அவரே ஸ்பானர் போட்டுத் தளர்த்தியிருந்தார்.

விஸ்னு ஓடிவந்தான். சட்டையின் தோள்பட்டையில் குழந்தை கக்கிய பால் காயாமல் இருந்தது. செருப்பை வெளியே விட்டு, குனிந்தபடி உள்ளே வந்து, குழாயை இறுக்கினான். டீ போடட்டுமா என்று கேட்பதற்குள், மூத்தவரின் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டு, பின்னாலேயே நகர்ந்து, முதுகு காட்டாமல் வெளியேறிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

கல்யாணசுந்தரம் குழாயைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நல்ல வேலைக்காரப் பையன். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, ஏசிப் பெட்டியின் அடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.