பதிலுக்கு நின்றவள்

சாயப்பட்டறையில் புருஷனுக்கு உடம்பு முடியாத நாளில் பெண்டாட்டி போய் நிற்பது வழக்கம். வருகைப் பதிவு புருஷன் பேரிலேயே விழும். அப்படி ஹபீபுல்லாவுக்குப் பதிலாகப் போன அன்றுதான் பல்கீஸின் வலது கை கொதிக்கும் சாயத்தில் வெந்தது. அவள் அங்கே வேலையாளே இல்லை என்று இழப்பீட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். பல்கீஸ் ஷேர் ஆட்டோ பிடித்து, அன்று கூட நின்று வேலை செய்த கோமளாவைப் பார்க்க ஐயம்பேட்டைக்குப் போனாள்.

"நான் அங்க இருந்தேன்னு மட்டும் சொல்லுமா. போதும்."

"நானே எங்க வூட்டுக்காரர் பேர்லதான் போய்க்கினு இருக்கேன்க்கா. வாயத் தொறந்தா எங்களுக்கும் வேலை போயிடும்."

"அப்ப இந்தக் கை என்ன, கடையில வாங்கினதா?"

கோமளா தலை குனிந்தாள். "உன் வூட்டுக்காரர் இடத்துல என் பொண்ண சேத்துக்கினாங்கக்கா. திங்கக்கிழமையிலேர்ந்து போறா."

பல்கீஸ் எழுந்து, முக்காட்டை இடது கையால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஓரத்து அடுப்புல சாயக் கொப்பரை ஆடுது. அவள அதுகிட்ட வுடாத."

கோமளா தெருமுனை வரை கூடவே வந்து ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தாள். சாட்சி சொல்ல வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.