யாரும் கைவைக்காத திருகாணி

என் மனைவி கோசிகாவின் அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, வந்த றொனால்ட் அண்ணை வடையைக் கடித்துக்கொண்டே என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, அந்த எஸ்.கே.எஸ் இப்ப எங்க கிடக்கு?" என்பதுதான்.

"மேல, அலுமாரிக்குள்ள."

"கவனம். ஈரம் பட விடாதையுங்கோ."

நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அது நல்லது. கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் பொய்தான் சொன்னேன்.

றொனால்ட் அண்ணை ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியவர். ஜெர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டன் வந்தார். கிங்ஸ்பரியில் கடைகளின் குளிர்பெட்டிகளைத் திருத்துகிறார். தொழில் நிமிர்ந்ததும் அவர் ஆசைப்பட்டு வாங்கியது சீனாவில் செய்த எஸ்.கே.எஸ் என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கி. சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தது, சான்றிதழோடு. அதைத் தொலைக்காட்சிக்கு மேலே, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பார்த்தவர்களில் சிலருக்கும் ஆசை வந்தது. இப்போது அவர்கள் ஒரு வட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவருடைய வீட்டில் கூடுவார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், தோள்வாரின் கொக்கி பித்தளையா இரும்பா, எண்ணெய்க் குப்பிக்குள் ஓர் அறையா இரண்டா என்று பேசுவார்கள். எண்ணெய்க் குப்பி விஷயத்தில் கோபித்துக்கொண்டு ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் விட்டதும் உண்டு. அந்தத் துப்பாக்கியால் செத்தவர்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "நாங்கள் அரசியல் கதைக்கிறேல்லை" என்பார் அண்ணை.

கோசிகா இந்தக் கூட்டத்துக்குள் போனது அண்ணையின் வீட்டில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில். சுவரில் மாட்டியிருந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதின்ர மரக்கட்டை வேற தொழிற்சாலையின்ர" என்றாள். கேக் இன்னும் வெட்டப்படவில்லை. அண்ணை அன்றைக்கு அவளோடு மறுபடி பேசவில்லை. சில மாதங்களில் அவள் சொன்னது சரி என்று தெரிந்ததும், அதைத் தானே கண்டுபிடித்ததாக எல்லோருக்கும் சொன்னார்.

அவள் உலோகப் பொறியியலாளர். உடைந்த இரும்பைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வதுதான் வேலை. அந்த வட்டத்தில் உலோகம் தெரிந்த ஒரே ஆள். அவளிடம்தான், "தங்கச்சி, தேத்தண்ணி போடேலுமோ?" என்று கேட்பார்கள்.

பிறகு அவளும் அதே வகைத் துப்பாக்கி ஒன்று வாங்கினாள். அதில்தான் சண்டை. இந்தத் துப்பாக்கியின் குழலுக்குக் கீழே மடக்கி வைக்கும் பயனெட் என்ற குத்துமுனை ஒன்று இருக்கும். தொடக்கத்தில் அது கத்தி வடிவம். அறுபதுகளின் நடுவில் ஊசி வடிவத்துக்கு மாறியது. அவள் வாங்கியதில் பொறித்திருந்த தொடர் இலக்கம் ஊசிக் காலத்தது, பயனெட்டோ கத்தி. யாரோ பிறகு மாற்றிப் பூட்டியது, தங்கச்சி ஏமாந்துபோனாள் என்றார்கள். இல்லை, மிஞ்சிய கத்திகளைத் தொழிற்சாலையே பூட்டி அனுப்பியது என்றாள் அவள். அதற்கு ஆதாரம் ஒரு திருகாணி. பயனெட்டைப் பிடிக்கும் அந்தத் திருகாணியைப் பூட்டியபின் தொழிற்சாலையில் அதன் முனையில் அடித்து நசுக்கிவிடுவார்கள். ஒருமுறை கழற்றினாலும் அந்த நசுங்கல் உடைந்துவிடும். இதில் உடையவில்லை. பெரிதாக்கிப் படம் எடுத்துக் காட்டினாள்.

"படத்தில ஆரும் என்னவும் செய்யலாம்" என்றார் அண்ணை. "சாமானைக் கையில பிடிச்சுப் பார்க்கோணும்." அதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. ஆனால் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அந்தத் திருகாணியைப் பற்றித்தான். "நான் சொன்னது சரியெண்டு அவையளைச் சொல்ல வை" என்றாள். என்னைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் அந்தியேட்டி முடிந்து அண்ணை கேட்டபோது துப்பாக்கியைக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கையில் பிடித்துப் பார்க்கட்டும். சரியென்றால் வட்டத்தின் இணையத்தளத்தில் அவள் பெயரில் ஏற்றட்டும்.

அந்த ஞாயிறு நான் லூயிஷாமிலிருந்து கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வந்திருந்தார்கள். மேசையில் துப்பாக்கி துணியால் மூடியிருந்தது. அண்ணை கோயில் திரை விலக்குவதுபோல் துணியை எடுத்தார்.

குழலுக்குக் கீழே ஊசி மின்னியது.

"அட, இப்பதாங்க கரெக்டா இருக்கு!" என்றார் பாலசுப்பிரமணியன். வங்கியில் வேலை பார்ப்பவர், வட்டத்தில் ஒரே தமிழ்நாட்டுக்காரர்.

"கத்தி எங்க?" என்றேன்.

"பையுக்க கிடக்கு, பயப்பிடாதையுங்கோ. இலக்கத்துக்குப் பொருந்தின ஊசியா நானே தேடி எடுத்துப் பூட்டினனான். தங்கச்சியின்ர பேர் கெடக்கூடாதெல்லே. இனி ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது." நான் நன்றி சொல்வேன் என்று உண்மையாகவே காத்திருந்தார்.

"திருகாணி?"

"ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்! அசையவே மாட்டனெண்டிட்டுது. கராஜுக்க அரை நாள் மினக்கெட்டன். கடைசியா டிரில் போட்டுத்தான் எடுத்தது."

"ஏன் அசையேல்லை, அண்ணை?"

அண்ணை துணியை எடுத்து ஊசியை ஒருமுறை துடைத்தார். பாலசுப்பிரமணியன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கறள்" என்றார் அண்ணை, துருவின்மேல் பழியைப் போட்டு.

"கறளோ?" மட்டன் ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்த அவருடைய மனைவி பிறேமினி அக்கா கேட்டார். "கராஜுக்குள்ள இருந்து நீங்கள்தானே கத்தினியள், 'இஞ்ச வந்து பார் பிறேமினி, சீனன் அடிச்ச அடி அப்பிடியே கிடக்கு, ஒருத்தனும் கைவைக்கேல்லை' எண்டு? என்ன எல்லாரும் முழிக்கிறியள்? ஆறப்போகுது, எடுங்கோ."

யாரும் எடுக்கவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு சொன்னது சரிதானே?" என்றார் பாலசுப்பிரமணியன். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை. "ஆனா டெக்னிக்கலா பாத்தா, இப்ப எவிடென்ஸ் இல்லையே. எப்படி ஏத்துறது?"

"ஓம் ஓம், அதுதான்" என்று அண்ணை அதைப் பிடித்துக்கொண்டார். "ஆதாரம் வேணுமெல்லே."

ஆதாரத்தை டிரில் போட்டவர் ஆதாரம் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியபின் பசி வந்துவிட்டது. ரோல்ஸ் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்.

நான் துப்பாக்கியை உறைக்குள் வைத்தேன். கத்தியைக் கேட்டேன். உடைந்த திருகாணியையும் கேட்டேன். கராஜுக்குப் போய் எடுத்துவந்த அண்ணை என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, கத்தியைத் திரும்பப் பூட்டித் தாறன். புதுத் திருகாணி போட்டு, முனையில நானே ஒரு தட்டுத் தட்டிவிடுறன். பழசு மாதிரியே இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

இப்படி எவனோ செய்து அவளை ஏமாற்றிவிட்டான் என்றுதான் இவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வேண்டாம்" என்றேன். "ஊசியோடயே இருக்கட்டும். வெள்ளையளின்ர சேகரிப்பாளர் தளத்தில எல்லாத்தையும் போடப்போறன். அவள் எடுத்த படங்கள், இந்த உடைஞ்ச ஆணி, நீங்கள் அரை நாள் மினக்கெட்ட கதை. எல்லாம்."

அந்தத் தளத்தில் ஒருமுறை தன் பெயர் வந்ததை அண்ணை அச்செடுத்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுச் செருப்போடு கார் வரைக்கும் என் பின்னால் வந்தார்.

"தங்கச்சி சொன்னது சரிதான், தம்பி. நான் ஒத்துக்கொள்ளுறன்."

"உள்ள போய்ச் சொல்லுங்கோ."

அவர் யன்னலைப் பார்த்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "அவையளுக்கு முன்னாலயோ?" என்றார்.

நான் துப்பாக்கியையும் பையையும் டிக்கிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"சரி, போடுங்கோ" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சியின்ர பேரைப் பெரிசாப் போடுங்கோ. என்ர பேரை மட்டும் போடாதையுங்கோ. 'ஒருத்தர்' எண்டு போட்டால் காணும்தானே?"

"முழுப் பேரும் போடவோ அண்ணை, இல்லாட்டி றொனால்ட் எண்டு மட்டும் காணுமோ?" என்று கேட்டேன்.

நான் காரை எடுத்தேன்.