பதினேழாம் தட்டு

1
இந்தக் கதை இ-சேவை மையத்து வரிசையில் கிடைத்தது. எழுத ஆசைப்பட்டு எழுதவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆட்டையாம்பட்டியில் ஒரு மாட்டையும் கொல்லாமல் தோல் செய்யும் இளம் விஞ்ஞானி இளஞ்செழியன்...’ அடித்துவிட்டேன். அவர் முதலாளி. தட்டில் கை வைத்ததே கிடையாது. வைத்தது என் அம்மா பாவாயி.

2
ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கழுவிய தண்ணீர், வெல்லம், கொஞ்சம் நுண்ணுயிர். தட்டில் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் பால்மேல் படிவதுபோல் ஆடை படரும். உலர்த்தினால் தோல். பர்ஸ் தைக்கலாம்.

[வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அம்மாவை இந்த வேலையில் சேர்த்ததும் நான்தான். இந்த வரியை மூன்று தடவை அடித்தேன்.]

அம்மாவுக்குக் கையுறை கேட்டேன். “ஆர்டர் வரட்டும்மா” என்றார் முதலாளி. எட்டு மாதம் அம்மா வெறுங்கையால் ஆடை தூக்கினாள்.

3
அப்பாவின் பென்ஷன் தொடர, அம்மா உயிரோடிருப்பதாக வருடா வருடம் விரல் வைக்க வேண்டும்.

“ரேகையே இல்லீங்களேம்மா, வழவழன்னு கெடக்குது” என்றார் இ-சேவை மையத்து ஊழியர்.

“உசுரோட முன்னால நிக்கறனுங்களே!”

“எனக்குத் தெரியுதுங்க. மிசினுக்கில்ல தெரியோணும்!”

வரிசை சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்கு அந்த மேசையை உடைக்கத் தோன்றியது.

(புளித்த நீர் ரேகையை அரிக்கும். அதுவரை படித்திருக்கிறேன். அடுத்ததற்கு என்னிடம் பாடம் இல்லை.)

4
அம்மாவுக்குக் கை கொடுக்கப் போகும்போது ஒருநாள் பதினேழாம் தட்டின் ஆடையை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே, கிழங்கு சீவும்போது அம்மா வெட்டிக்கொண்ட அதே தழும்பு. கை பட்ட அச்சு என்று நினைத்தேன். மறுவாரம் பக்கத்தில் ஆள்காட்டி விரல் வளர்ந்திருந்தது.

ஈரத்துணியில் சுற்றி மையத்துக்கு எடுத்துப் போனேன். அந்த ஓரத்தை என் விரல்மேல் போர்த்தி மிசினில் அழுத்தினேன். பச்சை விளக்கு. பாவாயி உயிருடன் உள்ளார்.

பின்னால் பெஞ்சில் இருந்த அம்மா கையை உதறினாள். “ஏஞ்சாமி, ஆரோ வெரலப் புடிச்சு அமுக்குனாப்ல இருந்துச்சு.”

5
முடிவு அ: தோலை ஒளித்து வைக்கிறேன். வருடா வருடம் மிசினில் காட்டுகிறேன். அம்மா போன பிறகும் பச்சை விளக்கு எரிகி— வேண்டாம்.

முடிவு ஆ: தோலைத் தட்டிலேயே விடுகிறேன். விரல்கள் முடிந்து மணிக்கட்டு, அப்புறம்—

நடந்தது: தட்டில் திரும்ப வைத்தேன். நான் போகாத ஒரு சனிக்கிழமை முதலாளி அதை உலர்த்தி, வெட்டி, தைத்து அனுப்பிவிட்டார். எங்கே என்று கேட்டால், “ஆன்லைன்ல போச்சும்மா” என்கிறார். அன்றிலிருந்து அம்மாவின் வலக்கைக்குச் சூடு தெரியவில்லை. கொதிக்கும் சட்டியை அப்படியே பிடித்து இறக்குகிறாள்.

6
‘உயிர் கொல்லாத தோல்’ என்று அச்சிட்ட பர்ஸ் உங்களிடம் இருந்தால், உள்மடிப்பில் விரலை வைத்துப் பாருங்கள். தழும்பு தட்டுப்படும். மெதுவாக அழுத்துங்கள்.

நான் அம்மாவின் பக்கத்தில், அவள் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். முடிவை அதில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ம்.

அழுத்துங்கள்.