கரும்புச் சக்கைச் சாலையில் எறும்புகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலையில் எறும்புகள் சாரைசாரையாகப் போவதைப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது. நடுச்சாலையில் குனிந்து நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் என்னைப் பெற்றவர்களை நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் வரி: 'ஆதிகாலம் தொட்டே மனிதன் பாதைகளைத் தேடி...'

(போதும். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

கதாநாயகி சாலைப் பொறியாளர். கரும்புச் சக்கையைக் கழுவி, காயவைத்து, நாராக்கித் தாரில் கலந்தால் சாலை விரிசல் விடாது என்பது அவள் கட்சி. சக்கைக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. யாரும் இடம் தராதபோது, ஒப்பந்தக்காரனான அண்ணன்தான் தான் போடும் சாலையில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தான்.

(அண்ணனைக் கணவனாக மாற்றிப் பார்த்தேன். கணவன் இடம் தரவே மாட்டேன் என்று அடம்பிடித்தான்.)

3

இனிப்பு போகும்வரை சக்கையைக் கழுவ வேண்டும். போய்விட்டதா என்று அவள் மென்றுதான் பார்ப்பாள். அன்று அண்ணன் வாங்கித் தந்த, சர்க்கரை தூக்கலான டீயைக் குடித்த வாயோடு மென்றாள். சப்பென்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சாலை போட்டார்கள். லாரிகள் ஓடின, ஒரு கீறல் இல்லை. பிறகு எறும்புகள் வந்தன. அப்போதுதான் அவளுக்கு அந்த டீ ஞாபகம் வந்தது.

4

சாலையைச் சோதிக்க அதிகாரி வந்தார். அவர் தலையாட்டினால் மற்ற சாலைகளுக்கும் சக்கை போகும். இல்லையென்றால் அண்ணன் இந்தத் துண்டைத் தோண்டி மறுபடி போட வேண்டும்.

"சக்கையை நல்லாக் கழுவினீங்களாம்மா?"

யாரோ மிட்டாயைக் கொட்டியிருப்பார்கள் என்று அண்ணன் முந்திக்கொண்டான். பிறகு அவள் காதோரம், "ஆமான்னு சொல்லிடும்மா. ரோடு நல்லாத்தானே இருக்கு" என்றான்.

நன்றாகத்தான் இருந்தது. மழையில் இனிப்பு கரைந்தால் குழி விழலாம், விழாமலும் போகலாம். அது அவளுக்கே தெரியாது.

5

முடிவு ஒன்று: ஆமாம் என்கிறாள். அண்ணன் பிழைத்தான். முதல் மழைக்கு அவள் தூங்கவில்லை.

முடிவு இரண்டு: இல்லை என்கிறாள். சாலையைத் தோண்டுகிறார்கள். சக்கை என்று யார் பேச்செடுத்தாலும் ஊர் சிரிக்கிறது. அண்ணன் பேசுவதில்லை.

(இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு ஆகாத வியாதி.)

அதிகாரி காத்திருக்கிறார். அண்ணன் அவள் முகத்தையே பார்க்கிறான். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், அந்தச் சக்கையை நான்..."

எனக்குக் கை ஓடவில்லை. உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தால் இந்த வாக்கியத்தை நீங்களே முடியுங்கள். தினமும் அந்தச் சாலையில் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துப் போகிறவர் என்றால், கொஞ்சம் யோசித்து முடியுங்கள்.