நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்

நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்கு வரும் வள்ளத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கிடக்கும். அதைப் பற்றிக் கேட்டால் ஊரே சிரிக்கும். ஆனால் இன்றைக்கு அது அசையும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கணித ரீச்சர் நிலாந்தி, மடியில் தூங்கிய மகள் டிலக்சனாவைச் சரித்துவிட்டு, பலகை இடுக்கால் அடிமட்டத்தை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தாள். ஆறு சென்ரிமீற்றர்.

பத்து நிமிடம் கழித்துப் பதினாறு.

பிள்ளைகளுக்கு வாங்கிய வரைபுத்தாளில் ஒன்றை உருவி எழுதினாள்: y = x + 6. நிலைக்குத்து அச்சில் ஆறில் ஒரு புள்ளி. வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று, அடுத்த புள்ளி. அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தாள். என்ஜின் சில்லு இருந்த உயரம் முப்பது; தண்ணீர் அதில் முட்டினால் என்ஜின் நனைந்து நின்றுவிடும். கோடு இருபத்துநாலாவது நிமிடத்தில் அதைத் தொட்டது. குறிகட்டுவானுக்கு இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது.

ஓட்டி சில்வெஸ்ரரிடம் போனாள்.

"அண்ணை, நயினாதீவுக்குத் திருப்புங்கோ."

"என்ன ரீச்சர், வெள்ளிக்கிழமை பின்னேரமும் பாடமோ?"

பக்கத்தில் இருந்த சரவணமுத்து சிரித்தார். "பிள்ளையளுக்குப் புள்ளி போட்டது காணாதாம். இப்ப வள்ளத்துக்கும் போடுறா!"

"ஆறில தொடங்கினது, நிமிசத்துக்கு ஒண்டு ஏறுது. இந்த இடத்தில சில்லில முட்டும். குறிகட்டுவான் இந்தத் தாளுக்கு வெளியில கிடக்கு அண்ணை!"

சில்வெஸ்ரர் தாளைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"பம்பைப் போடுங்கோவன்," என்றாள்.

"அது வெளிக்கிட்டதில இருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கு, ரீச்சர்."

சுக்கானைத் திருப்பினார். நயினாதீவுக்குப் பத்து நிமிடம். கோட்டில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லுக்கு மயிரிழை கீழே. போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்போதுதான் பம்பின் இரைச்சல் நின்றது.

சில்வெஸ்ரர் அதை உதைத்தார், கயிற்றை இழுத்தார். அசையவில்லை. நிலாந்தி மறுபடியும் அடிமட்டத்தை விட்டாள். ஒரு நிமிடத்தில் மூன்று ஏறியிருந்தது. கடைசிப் புள்ளியில் இருந்து வலப்பக்கம் ஒன்று, மேலே மூன்று. புதிய கோடு மரம் மாதிரி எழும்பியது. நயினாதீவின் பாதி வழிக்கு முன்னரே அது முப்பதைத் தாண்டிவிட்டது.

தாளை மடித்தாள்.

"என்னவாம் ரீச்சர்?" என்றார் சரவணமுத்து. இப்போது மெல்லிய குரல்.

"சின்னனுகளை மேல ஏத்துங்கோ. மிதவை அங்கியளை அவிழ்த்து எல்லாருக்கும் குடுங்கோ. ஒருத்தரும் ஒரு பக்கம் ஓடாதேங்கோ."

மகளைத் தட்டி எழுப்பினாள். சில்லு தண்ணீரை வாரி எறியத் தொடங்கியது. நயினாதீவுக் கோபுரம் இன்னும் விரல் உயரத்துக்குத்தான் தெரிந்தது.