மூன்றாவது எழுத்து

அந்தக் கிடங்கில் வேலை கேட்டுப் போனால் படிப்பைக் கேட்பதற்கு முன்பே எம்.பி.டி.ஐ. என்ன என்று கேட்பார்கள். ஓர் ஆளின் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துக்குள் திணித்துவிடும் சோதனை. மூன்றாவது எழுத்துதான் முக்கியம். 'டி' என்றால் மூளையால் யோசிப்பவர், 'எஃப்' என்றால் மனசு இளகியவர். சே-ரிம்முக்கு வந்தது எஃப். விண்ணப்பத்தில் டி என்று எழுதினாள். கொரியாவில் வேலை வேண்டுமென்றால் இந்தப் பொய்யெல்லாம் சகஜம்.

டீம் லீடர் மேங்குக்கு அரசியலும் அந்த ஓர் எழுத்துக்குள் அடக்கம். டிக்குப் பொருளாதாரம் தெரியும், ஆகவே வலதுசாரி. எஃப் மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போராட்டம் நடத்தும் இடதுசாரிக் கூட்டம். தேர்தல் முடிந்து இரண்டு மாதமாகியும் இதையே அரைத்துக்கொண்டிருந்தார். அவளும் தன் கட்சிதான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். வேலை நிரந்தரமாகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அவள் இருந்தாள்.

ஆகஸ்ட் வெயிலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த பியோ அண்ணன் சுருண்டு விழுந்து செத்துப்போனார். தினமும் தன் பார்லி டீயில் ஐஸ் போட்டு அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்த மனுஷர். அன்று மத்தியானம், அவர் விழுவதற்குச் சற்று முன், கரண்ட் செலவு என்று சொல்லிப் பெரிய மின்விசிறிகளை நிறுத்தியது மேங். பக்கத்தில் நின்றது சே-ரிம்.

அடுத்த வாரம் வழக்கமான அலுவலக விருந்து. மேங் கத்தரிக்கோலால் பன்றி இறைச்சியை வெட்டி வெட்டி மேசையடுப்பில் போட்டபடி, நாளைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார் என்றார்.

"நீதான் பேசணும் சே-ரிம். மத்ததெல்லாம் எஃப், அழுது தொலைக்கும். ஃபேன் ஓடிச்சுன்னு சொல்லு, போதும்."

"நீங்கதானே சார் நிறுத்துனீங்க. நான் பாத்தேனே."

"பாத்தவ சொன்னாத்தான் நம்புவாங்க. நீயும் நானும் டி. செத்தவருக்கு வருத்தப்பட வேற ஆளு இருக்கு."

எதிரே இருந்த கி-போங் சோஜு சாராயத்தை ஊற்றிக்கொண்டே, "அவரும் எஃப்தான் போல சார், வெயிலே தாங்கல" என்றான். மேசையே சிரித்தது. மேங்குக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சே-ரிம் வாயிலிருந்த கறியைக் காகிதத்தில் துப்பினாள். இந்தப் பிறவிகளோடு ஒரே தட்டில் தின்றோமே என்று அருவருப்பாக இருந்தது. இத்தனை நாள் டியாக நடித்துச் சிரித்த தன் முகத்தை நினைத்தால் இன்னும் அருவருப்பு.

மறுநாள் கூட்ட அறையில் மேங் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதிகாரி கேட்டதும், "ஃபேன் ஓடல. நிறுத்துனது இவருதான்" என்றாள். மேங்குக்கு முகம் செத்துவிட்டது.

"நீ டி தானே?" என்றார். ஒரு மனிதன் செத்த அறிகுறியே இல்லை அந்தக் குரலில். தன் கணக்கு தப்பியதுதான் அவருக்குத் துக்கம்.

வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. போகட்டும் என்றிருந்தது. இந்த அதிகாரியாவது மனுஷர் என்று நிமிர்ந்தாள்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கனிவாகச் சிரித்தார். "நீங்க எஃப்தானேம்மா? பேசுறப்பவே தெரிஞ்சது. என் பொண்ணும் அப்படித்தான், எல்லாத்துக்கும் போராட்டம்."

சே-ரிம் அவர் வைத்த பேனாவை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"ஃபேன் ஓடல சார். அத எழுதுங்க."